செல்வப்பிரியாவும் மருதாத்தாள் வீட்டு ஏசியும்

செல்வப்பிரியா உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்தவர்கள் கொழிஞ்சாம்பாறையில் யாரும் இல்லை. நின்றபடியே ஊதி ஊதிக் குடிப்பாள். பாதி டம்ளரில் ஏதோ ஞாபகம் வந்துவிடும், மீதியை வாசலில் வீசிவிட்டு ஸ்கூட்டியை எடுப்பாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் கடை அவளுடையது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி இரண்டும் வருகிறவர்களுக்கு. அவளுக்கு எதற்கு? காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் புருஷனே சொல்வான். அந்த மனுஷன் எப்படித்தான் பதினெட்டு வருஷம் ஓட்டினானோ, அது வேறு கதை.

எல்லை தாண்டி மலையாளச் சீமையில் இருந்தாலும், இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் பேச்சு தமிழ், கணக்கு தமிழ், சண்டை வந்தால் அதுவும் நல்ல கோயமுத்தூர்த் தமிழ். கரண்ட் பில் மட்டும் மலையாளத்தில் வரும். ஜனங்கள் அதில் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்ப்பார்கள், "கொள்ளையடிக்கறானுங்க" என்று திட்டுவார்கள், போய்க் கட்டிவிடுவார்கள். நோயாளி இருக்கிற வீட்டுக்குச் சலுகை உண்டு, வசதி குறைந்தவர்களுக்குச் சலுகை உண்டு, அதற்கு இன்ன இன்ன காகிதம் வைத்து மனுப் போட வேண்டும் என்பதெல்லாம் யார் படித்துச் சொல்வது?

செல்வப்பிரியாவுக்கே யாரும் சொல்லவில்லை. அவள் மாமனார் புற்றுநோயில் ஒன்றரை வருஷம் படுத்துக் கிடந்தார். ஃபேன் நிற்கக்கூடாது, தண்ணீர் சூடாக வேண்டும், மருந்துக்கு ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் ஆபீஸ் வரிசையில் நின்று முழுப் பில்லையும் அவள்தான் கட்டினாள். அவர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அதே வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தாள். பஸ் போர்டு பார்த்து எழுத்துக் கூட்டக் கற்ற மலையாளம்தான். புற்றுநோயாளி வீட்டுக்குச் சலுகை என்று போட்டிருந்தது. காகிதம் மஞ்சளடித்துப் போயிருந்தது. அத்தனை மாதமும் அதற்கு அடியிலேயேதான் நின்றிருக்கிறாள்! தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அன்றைக்குப் பிடித்த வெறி இது. இந்த மனுவுக்கு மட்டும் அவள் கூலி வாங்குவதில்லை.

வேலை செய்கிற விதமும் அலாதி. ஸ்கூட்டியில் போகும்போதே எந்த வீட்டு வாசலில் சக்கர நாற்காலி நிற்கிறது, எந்தக் கொடியில் நோயாளிப் படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட் காய்கிறது என்று கண் மேயும். வண்டியை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போய், "ஏனுங்க, ஊட்டுல ஆராச்சும் படுத்திருக்கறாங்களா?" என்பாள். கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! இரண்டு வீட்டில் துடைப்பத்தை எடுத்திருக்கிறார்கள். அவள் அசரமாட்டாள். கேட்டுப் பதில் வருவதற்குள் பையிலிருந்து மனுவை எடுத்திருப்பாள்.

வடகரப்பதியில் ஆறுச்சாமி வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் இப்படித்தான். மூன்று ஏக்கர் மானாவாரியும் ஒரு போர் கிணறும் உள்ள குடும்பம். ஒரு காலத்தில் ஆள் வைத்துக் கடலை பறித்த வீடு, இப்போது இல்லாதப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் ரோஸ் கலர் ரேஷன் கார்டு. ஆறுச்சாமிக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது. வீடு வீடாக வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஆக்ஸிஜன் மிஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். காற்றிலிருந்தே ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் பெட்டி, கரண்டில் ஓடுவது.

"ஏனுங்க அத்தை, மிஷின் இருக்குதுன்னு சொன்னாங்க. ஓடற சத்தத்தையே காணோமுங்க?"

"பகல்ல எதுக்கம்மிணி?" என்றாள் ஆறுச்சாமியின் மனைவி மருதாத்தாள். "பகல்ல நல்லாத்தான் இருக்கறாரு. ராத்திரிக்குப் போட்டுடறோம்."

கட்டிலில் இருந்த ஆறுச்சாமி, "நல்லா... த்தான்... இருக்கறேன்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு மூன்று மூச்சு வாங்கினார்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"பதினாறு மணி நேரம் போடோணும்னாரு. அவருக்கென்ன, பில்லு அவரா கட்டறாரு?"

பில்லுக்குப் பயந்து மூச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செல்வப்பிரியா மிஷினிடம் போய் ஸ்விட்சைத் தட்டினாள், குழாயை எடுத்து ஆறுச்சாமியின் மூக்கில் தானே மாட்டினாள், அதற்கப்புறம்தான் மருதாத்தாள் பக்கம் திரும்பினாள். இப்படி மிஷின் ஓடும் வீட்டுக்குச் சலுகை இருக்கிறது, டாக்டர் சீட்டும் ரேஷன் கார்டும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மளமளவென்று கொட்டினாள்.

மருதாத்தாள் அசையவில்லை. "அது இல்லாதவங்க வாங்கறதல்ல? நாளைக்கு எம் பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா, சலுகையில கரண்டு எரிக்கற ஊடுன்னு சொல்லமாட்டாங்களா?"

பையன் கோபிநாத்துக்கு முப்பத்தேழு வயது. தோட்டத்து வேலை. இந்தச் சீமையில் விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு இடம் பார்த்துப் பதினொன்றும் தட்டிப்போனது. கோபிநாத் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான். மருதாத்தாள் மட்டும் விடவில்லை.

"ஊர் பேச்சைக் கேட்டுட்டு மாமாவை உட்டுருவீங்களா?" என்று செல்வப்பிரியா பட்டென்று கேட்டுவிட்டாள். மருதாத்தாள் முகம் சுண்டிப்போயிற்று. மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "ஊர்ல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

மனு கரண்ட் ஆபீஸுக்குப் போன மறுநாளே செல்வப்பிரியா அங்கே போய் நின்றாள். அதற்கு அடுத்த நாளும் போனாள். சப் எஞ்சினியர் ஜிதின் இடுக்கிக்காரர், தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷன், ஆனால் வேலை கழுத்தளவு.

"சார், எம் பேப்பர் என்னாச்சுங்க?"

"அக்கா, நேத்துதான வந்து கேட்டீங்க. ஒரு ராத்திரில பேப்பர் குட்டியா போடும்?"

"குட்டி வேண்டாமுங்க, ஒரு கையெழுத்துப் போதும்."

"வீட்டுல வந்து பாக்கணும்லா. மிஷின் இருக்கா, வேற என்னென்ன சாமான் மாட்டிருக்கு, மொத்த வாட்ஸ் சலுகைக்குள்ள நிக்குதான்னு எழுதணும். இந்த மாசம் பூரா லைன் வேல கெடக்கு. அடுத்த மாசம் வாரேன்."

"அடுத்த மாசம் அந்த மனுசன் இருக்கோணுமே சார்."

ஜிதின் பேனாவை மூடினார். அவள் முகத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழம பதினோரு மணி. அத விட்டா அடுத்த மாசந்தான். அப்புறம் என்னயத் தொந்தரவு பண்ணக்கூடாது, சொல்லிட்டேன்."

இதை மருதாத்தாளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. சொன்னால் திரும்ப வேண்டாம் என்று ஆரம்பிப்பாள், நேரே போய் நின்றால் மறுக்க வழியிருக்காது என்று செல்வப்பிரியா கணக்குப் போட்டாள். எல்லா வீட்டிலும் அவள் அப்படித்தான். நல்லது செய்யப் போகும்போது எதற்குக் கேட்டுக்கொண்டிருப்பது என்பது அவள் நினைப்பு.

மருதாத்தாளும் ஒன்றைச் சொல்லவில்லை. அதே வெள்ளிக்கிழமை, அதே காலை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் ஊடு பார்க்க வருவதாக இருந்தது. சம்மந்தம் பேசுகிற வீட்டை நேரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். அதைக் காதும் காதும் வைத்தாற்போலத்தான் நடத்துவார்கள். வெளியே கசிந்தால் போதும், பெண் வீட்டுக்குப் போன் போட்டு இல்லாததும் பொல்லாததும் சொல்லிக் கலைத்துவிடுகிற புண்ணியவான்கள் ஊருக்கு நாலு பேர். கோபிநாத்துக்கே இரண்டு இடம் அப்படித்தான் கலைந்தது. ஆகவே மருதாத்தாள் சொந்தத் தங்கைக்குக்கூட மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குச் செல்வப்பிரியா போய்ச் சேர்ந்தபோது வாசலில் தமிழ்நாட்டு நம்பர் கார் ஒன்று நின்றது. முன்னறையில் வெள்ளைச் சட்டையும் பட்டுச் சேலையுமாக ஐந்து பேர். கோபிநாத் தேய்த்த சட்டையில் விறைத்துப்போய் நின்றான். சுவரில் ஜன்னலுக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு ஏசி. போன வாரம் அங்கே பல்லிதான் இருந்தது.

மருதாத்தாள் அவள் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "நீ எதுக்கம்மிணி இப்ப வந்தே? ஒறம்பரை வந்திருக்குது, பாத்தியல்ல?"

"கரண்ட் ஆபீஸ்காரர் வர்றாருங்க அத்தை. இன்னும் கால் மணி நேரத்துல. அந்த ஏசி என்னங்க?"

"அய்யோ சாமி!" மருதாத்தாள் தலையில் கை வைத்தாள். குரலை இறக்கினாள். "பொண்ணு கோயமுத்தூர்ல கம்பெனி வேலையாமா. ஏசி இருக்குதான்னுதான் மொதல்லயே கேட்டாங்களாமா. தரகரு இருக்குதுன்னு சொல்லிப்போட்டாரு. நாங்க என்ன பண்றது? ரிப்பேர் கடை லோகேசுகிட்டச் சொல்லி நேத்து ஒண்ணைக் கொண்டாந்து மாட்டியிருக்குது. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் டப்பா."

"மாமா எங்கீங்க?"

"மோட்டார் ரூம்ல."

"மிஷின்?"

"உள்ரூம்ல கட்டலுக்கு அடியில. அதப் பாத்தா, வர்ற புள்ளை மாமனாருக்குச் சீக்குப் பாக்கோணும்னு பயந்துக்குவாங்கன்னுதான்... ஒரு மணி நேரந்தான் அம்மிணி. அவரும் சரின்னுதான் போனாரு."

செல்வப்பிரியா அதற்கு மேல் நிற்கவில்லை. பின்வாசல் வழியாக ஓடினாள். போகும்போதே ஜிதினுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பைக்கில் வந்துகொண்டிருப்பார்.

மோட்டார் ரூமில் உர மூட்டைமேல் ஆறுச்சாமி உட்கார்ந்திருந்தார். புது வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். உதடு நாவல் பழம் தின்றதுபோல் இருந்தது. மிஷினை இங்கே தூக்கி வந்துவிடலாமா என்று சுவரைப் பார்த்தாள். மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பெட்டிதான் இருந்தது, சாதாரண பிளக் ஒன்றுகூட இல்லை.

"எந்திரீங்க மாமா, ஊட்டுக்குப் போலாம்."

"வேண்டாம்... கண்ணு. அவங்க... போகட்டும்." உட்கார்ந்திருந்த மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டார். "பையனுக்கு... அமையற... மாதிரி இருக்குது."

அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாமா? அந்த உதட்டைப் பார்த்தால் நீங்களும் நானும்கூடக் கேட்டிருக்க மாட்டோம். அவர் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, தோளில் கை போட்டு எழுப்பினாள். நாற்பது அடி தூரம். நாலு இடத்தில் நின்றார்கள். பின்வாசல் படி உயரம், அவரால் ஏற முடியாது. முன்வாசல் வழியாகத்தான் கூட்டி வர வேண்டியிருந்தது.

முன்னறையில் அப்போது காப்பித் தட்டு வந்திருந்தது. ஊடு பார்க்க வருகிறவர்கள் பிடித்திருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். பெண்ணின் அப்பா சிரித்த முகமாக டம்ளரைக் கையில் எடுத்துவிட்டார். மருதாத்தாள் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில்தான் செல்வப்பிரியா ஆறுச்சாமியைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியிலிருந்து மிஷினைத் தரதரவென்று இழுத்து வந்து பிளக்கில் சொருகினாள். குழாயை மாட்டினாள். மிஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கோபிநாத் அப்பாவின் முன்னால் மண்டி போட்டு அவர் நெஞ்சைத் தடவினான். பெண் வீட்டார் பார்க்கிறார்களே என்ற நினைப்பெல்லாம் அவனுக்குப் போய்விட்டது.

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஆறுச்சாமியின் முதுகுக்குத் தலையணை ஒன்றை வைத்தார். "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. எங்கப்பாவும் கடைசியில இப்படித்தான் இருந்தாருங்க. இதுல மறைக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றார். கோபிநாத்தைப் பார்த்த பார்வையில் ஒரு பிரியம்கூட இருந்தது. அப்பனைப் பார்த்துக்கொள்கிற பையன்.

மருதாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செல்வப்பிரியாவுக்கும்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்போல இருந்தது. வாசலில் பைக் வந்து நின்றது.

ஜிதின் கையில் காகிதத்தோடு வந்தார், கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். "விசேஷமாக்கா? அஞ்சே நிமிஷம், எழுதிட்டுப் போயிருதேன்." மிஷினைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பல்பை எண்ணினார், ஃபேனை எண்ணினார், உள்ளே எட்டி ஃபிரிட்ஜைப் பார்த்தார். ஜன்னலுக்கு மேலே கண் போனது. பேனா நின்றது.

"என்னக்கா, ஏசி இருக்கு?"

ஜிதின் காகிதத்தில் சலுகை வரம்பைத் திரும்பப் பார்த்தார்.

"ஏசி இருந்தா வாட்ஸ் தாண்டிருமேக்கா. இந்தச் சலுகை கெடைக்காது. நான் கண்ணால பாத்துட்டு இல்லன்னு எழுத முடியாதுல்லா?"

இங்கேதான் நான் செல்வப்பிரியாவைத் திட்ட வேண்டும். சார், சித்த வெளிய வாங்க என்று கூப்பிட்டு, வேப்பமரத்தடியில் வைத்துக் காதோடு சொல்லியிருக்கலாம். பெண் வீட்டார் போன பிறகு டப்பாவைக் கழற்றிக் காட்டியிருக்கலாம். ஜிதின் கல்நெஞ்சுக்காரர் இல்லை, அரை மணி நேரம் காத்திருப்பார். பத்து அடி நடந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவள் காதில் 'கிடைக்காது' என்பது மட்டும்தான் விழுந்தது. மஞ்சளடித்த நோட்டீஸும் மாமனாரும் அந்த வரிசையும் ஒன்றாக வந்து கண்முன் நின்றன.

"அது ஓடாதுங்க சார்! வெறும் டப்பா. நேத்துக் கொண்டாந்து மாட்டுனது. வேணும்னா கழட்டிப் பாருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அடப்பாவி, என்ன சொல்லிவிட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜிதின் ஏசியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், விஷயம் அவருக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டே இறங்கி எழுதினார். பாவம், அந்த மனுஷனுக்குத்தான் எவ்வளவு கூச்சம்.

பெண்ணின் அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "சீக்கை மறைச்சீங்க, சரி, பயத்துல மறைச்சீங்கன்னு எடுத்துக்கலாம். டப்பாவை மாட்டி வெச்சு எங்களைக் கூப்பிட்டுக் காட்டுனீங்க பாருங்க..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். போயிட்டு வர்றோம் என்று சொல்லவில்லை. "நாங்க போறோமுங்க" என்றார். காப்பி ஐந்து டம்ளரிலும் ஆடை படிந்து கிடந்தது.

கார் போன பிறகு மருதாத்தாள் அழவில்லை. டம்ளர்களைத் தட்டில் எடுத்து அடுக்கினாள். "நீ போ அம்மிணி" என்றாள்.

அந்த மூன்று வாரம் செல்வப்பிரியா பட்ட பாடு அவள் புருஷனுக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. வேறு வீடுகளுக்குப் போனாள், மனு எழுதினாள், நடுவிலேயே பேனாவை வைத்துவிட்டு, வெளியே கூப்பிட்டிருக்கலாமே, வெளியே கூப்பிட்டிருக்கலாமே என்று தனக்குள் முனகிக்கொண்டாள். மூச்சா கல்யாணமா என்று கேட்டால் மூச்சு என்று எந்த முட்டாளும் சொல்வான். ஆனால் இரண்டும் கிடைத்திருக்கும், கொஞ்சம் பொறுத்திருந்தால். அந்தப் பொறுமை இல்லாததற்கு யாரைக் குறை சொல்வது?

சலுகை கொடுத்து உத்தரவு வந்தது. ஜிதினே கடைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அந்த வீட்டுல கோவமா இருப்பாங்களோக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் அதை எடுத்துக்கொண்டு வடகரப்பதிக்குப் போனாள். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

நடுப்பகல். மிஷின் ஓடும் சத்தம் வாசலுக்கே கேட்டது. ஜன்னலுக்கு மேலே ஏசி இல்லை, சுவரில் நாலு ஓட்டை இருந்தது. ஆறுச்சாமி கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், உதட்டில் நிறம் வந்திருந்தது. "வா கண்ணு" என்று ஒரே மூச்சில் சொன்னார். மருதாத்தாள் வா என்று சொல்லவில்லை. காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மலையாளம், ஒன்றும் புரியாது. மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்தாள்.

"அத்தை, நான் அவரை வெளிய கூப்பிட்டுச் சொல்லியிருக்கோணுமுங்க. எம் மேல தப்புத்தானுங்க" என்றாள் செல்வப்பிரியா. இதைச் சொல்லத்தான் மூன்று வாரமாகப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்த கோபிநாத்தான் பேசினான். "உடுங்கக்கா. டப்பாவை நம்பி ஒரு புள்ளை வந்திருந்தா, சித்திரை மாசத்து வெக்கையில அதுகிட்ட நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?"

ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, இருமி, மறுபடியும் சிரித்தார். கோபிநாத்தும் அரிவாளை வைத்துவிட்டுச் சிரித்தான். செல்வப்பிரியாவுக்கும் உதடு துடித்தது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

மருதாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. மகன் முகத்தையே பார்த்தாள்.

"என்னத்தையோ ஒண்ணைச் சொல்லிச் சமாளிச்சிருக்கலாமேடா. வந்திருப்பாளல்ல."